ஒரு கிண்ணச் சோற்றின் அறம்

உண்பது நாள்தோறும் நிகழும் செயல். நாள்தோறும் நிகழ்வதாலேயே அதைப் பற்றி நாம் எண்ணுவதில்லை. வாய்மை பற்றியும் ஈகை பற்றியும் மேடைகளில் மணிக்கணக்காகப் பேசுகிறோம். வீட்டுக்கு வந்ததும் தட்டின் முன் அமர்ந்து, வைத்ததை உண்டு, கை கழுவி எழுந்துவிடுகிறோம். அந்தத் தட்டில் இருப்பது யாருடைய மாலைப்பொழுது என்று கேட்பதில்லை. அறம் பெரிய இடங்களில்தான் குடியிருக்கும் என்று நினைத்துவிட்டோம் போலும். அடுப்பங்கரையிலும் அதற்கு ஓர் இடம் உண்டு என்று எனக்கு உணர்த்தியது ஒரு கிண்ணச் சோறு. அதைப் பற்றியே இக்கட்டுரை.

நாங்கள் கிள்ளானில் வாழ்கிறோம். நானும் என் மனைவியும் மகள் குடும்பத்தோடு ஒரே கூரையின்கீழ் இருக்கிறோம். மகள் கோலாலம்பூரில் கணக்கர் வேலை பார்க்கிறாள். காலையில் தொடர்வண்டியில் சென்று இரவு ஏழு மணிக்குமேல் திரும்புகிறாள். மருமகனுக்குத் துறைமுகத்தில் முறைவேலை. பேரன் பள்ளியில் படிக்கிறான். நான் ஓய்வுபெற்ற ஆசிரியன். வீட்டுச் சமையல் என் மனைவியின் பொறுப்பு. அது எப்போது, யாரால் அவளுக்கு ஒப்படைக்கப்பட்டது என்று எங்களில் எவருக்கும் தெரியாது.

ஈராண்டுகளுக்கு முன் மனைவிக்கு முழங்கால் வலி முற்றியது. நீண்ட நேரம் நிற்கக்கூடாது என்று மருத்துவர் சொல்லிவிட்டார். அன்று முதல் வேலைநாள் இரவுச் சாப்பாட்டை மகள் பார்த்துக்கொண்டாள். முதல் நாள் இரவு அவள் என் முன் வைத்தது ஒரு கிண்ணம். அடியில் தவிடு நீக்காத அரிசிச் சோறு; அதன்மேல் ஒருபுறம் வேகவைத்த கொண்டைக்கடலை, மறுபுறம் வதக்கிய பயற்றங்காய், நடுவில் நறுக்கிய வெள்ளரியும் வல்லாரையும், விளிம்பில் பொரித்த நெத்திலி; எல்லாவற்றின்மேலும் புளியும் நிலக்கடலையும் சேர்ந்த ஒரு சாறு. இருபது நிமிடத்தில் செய்துவிட்டதாக அவள் சொன்னாள். அவள் குரலில் சிறு பெருமை இருந்தது.

நான் கிண்ணத்தைப் பார்த்தேன். குழம்பு இல்லை, ரசம் இல்லை, பொரியல் தனியே இல்லை, தட்டுகூட இல்லை. "இது பசிக்குப் போதும் அம்மா. ஆனால் சாப்பாடு என்று சொல்ல முடியுமா? அம்மா கைச்சமையலில் ஓர் அன்பு இருக்கும்" என்றேன். மகள் ஒன்றும் பேசவில்லை. நாற்காலியில் அமர்ந்து மறுநாளுக்காகப் பயற்றங்காய் நறுக்கிக்கொண்டிருந்த என் மனைவிதான் பேசினாள். தலை நிமிராமலே பேசினாள்.

"அடுப்பில் வேகிறதுதான் அன்பு என்றால், நீங்கள் ஒருநாளாவது வேகவைத்திருக்கிறீர்களா?"

அதில் சினம் இல்லை. கணக்குக் கேட்கும் குரலும் இல்லை. உள்ளபடியே ஓர் ஐயத்தைக் கேட்பவள்போல் கேட்டாள். எனக்கு விடை சொல்ல வரவில்லை. அந்தக் கேள்விக்கு விடை தேடிய முயற்சியே பின்வரும் எண்ணங்கள்.

உழைப்பு அன்பின் அளவா?

முதலில் என் தரப்பு நியாயத்தையும் சொல்லிவிட வேண்டும். அது முற்றிலும் பொய்யன்று. ஒருவருக்காக நேரம் செலவிடுவது அவரை மதிப்பதற்கு அடையாளம். விருந்தினர் வருகிறார் என்றால் தேங்காய் துருவுகிறோம், அம்மியில் அரைக்கிறோம், வடை தட்டுகிறோம். வாழையிலையில் பத்துவகைக் கறி வைக்கும்போது, 'உமக்காக நான் உழைத்தேன்' என்று இலை பேசுகிறது. தீபாவளிக்கு முறுக்குப் பிழியும் கை வலிக்கத்தான் செய்யும். ஆனாலும் அந்த வலி இனியது. உழைப்பில்லாத அன்பு வெறுஞ்சொல்லாகிவிடும் என்று பெரியோர் அஞ்சியதில் பொருள் உண்டு.

ஆனால் இந்த வாதத்தில் ஒரு பிழை மறைந்திருக்கிறது. உழைப்பு அன்பை வெளிப்படுத்தும் வழிகளுள் ஒன்று. அதனால் உழைப்பையே அன்பின் அளவுகோல் ஆக்கிவிடலாமா? ஆக்கினால் என்ன ஆகும்? இரண்டு மணி நேரம் சமைத்தவள் இரண்டு மடங்கு அன்புடையவள்; இருபது நிமிடத்தில் சமைத்தவள் அன்பில் குறைந்தவள்; ஒருநாளும் சமைக்காதவன் அன்பே இல்லாதவன் என்று முடிவு செய்ய வேண்டியிருக்கும். முதல் இரண்டையும் தயங்காமல் ஏற்றுக்கொண்ட நான், மூன்றாவதை மட்டும் ஏற்க மறுக்கிறேன். என் மனைவி கேட்டது இதைத்தான். தனக்கு ஓர் அளவுகோலும் பிறர்க்கு ஓர் அளவுகோலும் வைத்திருப்பவன் அறத்தைப் பற்றிப் பேசத் தகுதியற்றவன் அல்லவா?

திருவிழா நாளின் உழைப்பும் செவ்வாய்க்கிழமை இரவின் உழைப்பும் ஒன்றல்ல. திருவிழாவின் உழைப்பை நாம் விரும்பித் தேர்ந்துகொள்கிறோம். வேலைநாளின் உழைப்பு கேட்காமலே வந்து தோளில் ஏறுகிறது. தேர்ந்துகொண்ட சுமையைப் போற்றுவது பாராட்டு. இறக்கி வைக்க இடமில்லாத சுமையைப் போற்றுவது, சுமப்பவர் அதை இறக்கி வைக்காமலிருக்கச் செய்யும் தந்திரமாகிவிடலாம். நான் அறியாமல் அந்தத் தந்திரத்தைச் செய்திருக்கிறேன். "உன் கைமணம் யாருக்கு வரும்?" என்று நான் புகழ்ந்த ஒவ்வொரு முறையும், அவள் அடுப்பருகில் இன்னும் சிறிது நேரம் நின்றிருக்கிறாள்.

தோட்டத்து மங்கு

'நம் மரபுச் சாப்பாடு' என்று எதை நினைத்து நான் வருந்தினேன் என்று பின்னர் எண்ணிப் பார்த்தேன். எண்ண எண்ண வியப்பே மிகுந்தது. நான் பேராக்கில் ஓர் இரப்பர்த் தோட்டத்தில் பிறந்தவன். என் தாய் பால்மரம் சீவியவர். பொழுது புலரும் முன்பே பெரட்டுக்குப் போக வேண்டும். விடியற்காலைக் குளிர்ச்சியில்தான் மரத்தில் பால் நன்றாக ஓடும். வெயில் ஏற ஏற ஓட்டம் குறையும். ஆகவே, என் தாயின் நாள் அதிகாலை நான்கு மணிக்குத் தொடங்கியது. கைக்குழந்தையை ஆயாக் கொட்டகையில் விட்டுவிட்டு வெட்டுக்காட்டுக்குப் போவார். சீவி முடித்து, பால் எடுத்து, நிறுத்துக் கொடுத்துவிட்டுத் திரும்புவார். பிறகு விறகு, தண்ணீர், துணி, ஆடு, கோழி என்று அந்தி சாய்ந்துவிடும்.

அத்தகைய தாய் இரவில் எங்களுக்கு என்ன சமைத்தார்? பத்துவகைக் கறியா? அன்று. ஒரு பானைச் சோறு. அதன்மேல் ஒரு குழம்போ, வேலியோரத்தில் பறித்த கீரையோ, சுட்ட கருவாடோ ஏதேனும் ஒன்று. எல்லாவற்றையும் இனாமல் மங்கில் ஒன்றாக இட்டுக் கையில் கொடுப்பார். லயத்து வாசற்படியில் வரிசையாக அமர்ந்து உண்போம். வேலை மிகுந்த நாளில் காலையில் நீரூற்றி வைத்த பழைய சோறே இரவுக்கும் வரும். துணைக்கு ஒரு சின்ன வெங்காயம்.

ஆக, கிண்ணத்தில் வந்த இரவுச் சோறு எனக்குப் புதியதன்று. நான் அதில் வளர்ந்தவன். இடைக்காலத்தில் எனக்கு அரசாங்கச் சம்பளம் வந்தது. எரிவாயு அடுப்பு வந்தது. வீட்டில் ஒரு மனைவியும் வந்தாள். அதன்பிறகு வந்த வசதியை நான் மரபு என்று பெயரிட்டு அழைத்தேன். நாம் 'தொன்றுதொட்டு' என்று சொல்லும் பலவற்றை ஆராய்ந்தால், அவை நம் வசதியான ஆண்டுகளின் நினைவுகளாகவே இருக்கக் காணலாம். என் தாயின் மங்கில் அன்பு குறைவாக இருந்தது என்று எவரேனும் சொன்னால் நான் பொறுப்பேனா? அப்படியிருக்க, என் மகளின் கிண்ணத்தைப் பார்த்து மட்டும் ஏன் சொன்னேன்?

நம் அண்டை வீட்டாரும் இதையே சொல்வர். மலாய்க்காரர்களின் நாசி உலாம் என்பது பச்சிலைகளை மெல்லியதாக அரிந்து சோற்றோடு கலந்த உணவு. கிளந்தானில் சங்குப்பூவின் நீலம் ஏறிய நாசி கெராபு உண்டு. ஹக்காச் சீனரின் லேய் சா, சோற்றின்மேல் பலவகைக் கீரைகளையும் கடலையையும் வைத்து, அரைத்த தேயிலைச் சாற்றை ஊற்றி உண்பது. நம்மிடமோ கூட்டாஞ்சோறும் கதம்பச் சோறும் உள்ளன. உழைத்துக் களைத்த மக்கள் எங்கெல்லாம் வாழ்ந்தார்களோ, அங்கெல்லாம் ஒரே கலத்தில் தானியமும் பயறும் இலையும் கூடியிருக்கின்றன.

எண்ணிப் பார்க்காத மணி

ஒருநாள் தாளும் எழுதுகோலும் எடுத்துக் கணக்கிட்டேன். மாலைச் சமையலுக்கும் அதன்பின் பாத்திரம் கழுவுதற்கும் என் மனைவி நாளொன்றுக்கு இரண்டு மணி நேரமாவது செலவிட்டிருப்பாள். ஆண்டுக்கு 300 நாள் என்று குறைத்தே கொள்வோம். 600 மணி நேரம் ஆகிறது. 40 ஆண்டுகளுக்கு 24,000 மணி நேரம். நம் நாட்டின் வேலைச் சட்டம் 2023 சனவரி முதல் நாள் தொட்டு வாரத்தின் உச்ச வேலை நேரத்தை 48 மணியிலிருந்து 45 மணியாகக் குறைத்தது. அந்த 45 மணிக் கணக்கில் வகுத்துப் பார்த்தால், அவள் மாலைச் சமையலுக்கு மட்டும் 10 ஆண்டுகளுக்கும் மேலாக முழுநேர வேலை பார்த்திருக்கிறாள். காலைச் சமையலையும் பண்டிகை நாட்களையும் நான் கணக்கில் சேர்க்கவே இல்லை. ஓய்வூதியம் எனக்கு வருகிறது. முழங்கால் வலி அவளுக்கு வந்தது.

இதைக் கண்டு, சமைத்த ஆண்டுகள் எல்லாம் வீண் என்று நான் சொல்ல வரவில்லை. அவளும் அவ்வாறு சொல்லமாட்டாள். அவள் விரும்பிச் செய்த நாட்களும் பல உண்டு. எந்த நாள் விருப்பத்தால், எந்த நாள் வேறு வழியின்மையால் என்று நான் ஒருமுறைகூடக் கேட்டதில்லை. என் குறை அதுதான்.

இருபது நிமிடத்தின் பின்னணி

மகளின் கிண்ணம் உண்மையில் எளிதுதானா என்று அறிய, அவளோடு அடுப்பங்கரையில் நின்றேன். வாழ்க்கையில் முதல்முறையாக நின்றேன் என்று சொல்ல வெட்கமாக இருக்கிறது. அங்கே நான் கற்றவற்றைச் சுருங்கச் சொல்கிறேன். வேலைக்குச் சென்று திரும்பும் வாசகர்க்குப் பயன்படக்கூடும்.

கிண்ணத்துக்கு ஐந்து உறுப்புகள் உண்டு: தானியம், பயறு அல்லது மீன், வெந்த காய், பச்சை இலை, இவற்றை ஒன்றாக்கும் சாறு. முதல் இரண்டும் நேரம் கேட்பவை. ஆகவே அவை ஞாயிற்றுக்கிழமையும் புதன்கிழமையும் மொத்தமாக வேகின்றன. தவிடு நீக்காத அரிசியை அரைமணி நேரம் ஊறவைத்து, ஒரு குவளைக்கு இரண்டு குவளைக்குச் சற்றுக் கூடுதலாக நீர் விட்டால், முக்கால் மணி நேரத்துக்குள் வெந்துவிடும். சாமையோ தினையோ என்றால் இருபது நிமிடமே போதும். ஐக்கிய நாடுகள் அவை 2023ஆம் ஆண்டைச் சிறுதானிய ஆண்டாக அறிவித்தபோது நான் செய்தித்தாளில் படித்து மகிழ்ந்தேன். அவள் வாங்கி வந்து சமைத்தாள். கொண்டைக்கடலையை முந்திய இரவே ஊறப்போட்டு, அழுத்தச் சட்டியில் வேகவைத்து வைக்கிறாள். மாலையில் வந்ததும் செய்ய வேண்டியவை மூன்றே: காயை வதக்குதல், இலையை அரிதல், சாற்றைக் கலத்தல். புளிக்கரைசலில் சிறிது வெல்லமும், வறுத்து இடித்த நிலக்கடலையும், மிளகாயும் சேர்ந்தால் சாறு ஆயிற்று. நெத்திலி வேண்டாத நாளில் தெம்பே துண்டுகளைப் பொரித்து இடுகிறாள்.

ஓர் எச்சரிக்கையும் அவள் சொன்னாள். வெந்த சோற்றை இந்த வெப்ப நாட்டில் மணிக்கணக்காக வெளியில் விடக்கூடாது. பாசில்லஸ் சீரியஸ் என்னும் நுண்ணுயிரின் வித்துகள் கொதிநீரிலும் சாவதில்லை. சோறு வெதுவெதுப்பாகக் கிடந்தால் அவை முளைத்துப் பெருகி நஞ்சை உண்டாக்கும். அதில் ஒருவகை நஞ்சு மீண்டும் சூடுபடுத்தினாலும் அழியாது. ஆகவே சோற்றை அகன்ற தட்டில் பரப்பி விரைவில் ஆறவைத்து, ஒருமணி நேரத்துக்குள் குளிர்ப்பெட்டியில் வைத்துவிடுகிறாள். உண்ணும் வேளையில் ஆவி பறக்கச் சூடாக்குகிறாள்.

இவற்றைப் பார்த்தபின் எனக்கு ஒன்று விளங்கியது. இருபது நிமிடம் என்பது கண்ணுக்குத் தெரியும் பகுதி மட்டுமே. அதன் பின்னால் முன்யோசனை இருக்கிறது. ஞாயிறு இரவு கடலையை ஊறப்போடுபவள், திங்கள் மாலை பசியோடு வரப்போகும் கணவனையும் மகனையும் தாயையும் தந்தையையும் அப்போதே நினைக்கிறாள். நேரம் குறைந்திருக்கிறது, நினைப்பு குறையவில்லை. அன்பு நினைப்பில் இருக்கிறதா, நிற்பதில் இருக்கிறதா என்று கேட்டால், நினைப்பில்தான் என்று சொல்லத் தோன்றுகிறது.

யாருடைய தோளில்?

ஆயினும், எளிமையைக் கண்டவுடன் கைதட்டிவிடுவதும் தவறு. உலகில் எந்த எளிமையும் தானாக வருவதில்லை. ஒருவர்க்கு எளிதாவது பெரும்பாலும் வேறொருவர் உழைத்ததால்தான். மின்சாரத்தில் சோறு பொங்கும் கலத்தை எடுத்துக்கொள்வோம். தோஷிபா நிறுவனம் அதை ஜப்பானில் 1955ஆம் ஆண்டு விற்பனைக்குக் கொண்டுவந்தது. நீர் இருக்கும்வரை கலத்தின் வெப்பம் 100 பாகையை ஒட்டியே நிற்கும். நீர் வற்றியதும் ஏறும். அந்த ஏற்றத்தை உணர்ந்து கருவி தானே அணைந்துவிடும். இவ்வளவு எளிய கருவியை உருவாக்கியவர் யோஷிதாதா மினாமி என்பவர். ஆனால் வீட்டில் அரிசியை மீண்டும் மீண்டும் வேகவைத்துச் சோதித்தவர் அவர் மனைவி ஃபுமிக்கோ. கோடிப் பெண்களை அடுப்புக் காவலிலிருந்து விடுவித்த கருவிக்காக ஒரு பெண் அடுப்பருகிலேயே காத்திருந்தாள். இன்று நாம் பொத்தானை அழுத்திவிட்டு நகரும்போது அவளை நினைப்பதில்லை.

கிண்ணத்தில் உள்ள அரிசியையும் நினைப்போம். கெடாவின் மூடா வயல்வெளியிலோ, சிலாங்கூரின் செகிஞ்சானிலோ, கடல் கடந்த வேற்று நாடு ஒன்றிலோ ஒருவர் சேற்றில் இறங்கியதால்தான் அது விளைந்தது. சமைக்க மனமின்றிக் கடையில் பொட்டலம் வாங்குகிறோம். அதைக் கட்டித் தருபவன் தன் குடும்பத்தைப் பிறநாட்டில் விட்டுவிட்டு நள்ளிரவுவரை நிற்கும் இளைஞனாக இருக்கலாம். வீட்டில் பணிப்பெண்ணை அமர்த்தியவர்க்கு எல்லாமே எளிதுதான். தன் தோளில் இருந்த சுமையை எடுத்து எளியவர் தோளில் வைத்துவிட்டு, 'வாழ்க்கையை எளிமையாக்கிக்கொண்டேன்' என்று சொல்வது அறமாகாது. விலை கொடுத்தோம் என்பதாலேயே அந்தக் கடன் தீர்ந்துவிடுவதும் இல்லை.

இங்கேதான் எளிமைக்கு உரிய சோதனை கிடைக்கிறது. குறைந்த உழைப்பு எங்கே போயிற்று? அது உண்மையிலேயே இல்லாமற்போயிற்றா, பலரிடையே பங்கிடப்பட்டதா, அல்லது கண்ணுக்குத் தெரியாத ஒருவர் தலையில் விழுந்ததா? முன்யோசனையால் இல்லாமற்போனால் அது அறிவு. பலர் பங்கிட்டுக்கொண்டால் அது நீதி. பிறர் தலையில் விழுந்தால் அது சுரண்டல். மகள் என் மனைவியின் இடத்தில் நின்றாள் என்பதோடு எங்கள் வீட்டு மாற்றம் முடிந்திருந்தால், ஒரு பெண்ணின் சுமை இன்னொரு பெண்ணுக்கு மாறியது என்பதைத் தவிர வேறொன்றும் நிகழ்ந்திராது. ஞாயிற்றுக்கிழமை கடலையை ஊறப்போடும் வேலையை நான் கேட்டு வாங்கிக்கொண்டேன். வேலை இல்லாத மாலைகளில் மருமகன் காய் வதக்குகிறார். பேரன் கிண்ணங்களைக் கழுவுகிறான். ஐந்து உறுப்புகளாகப் பிரிந்த உணவை ஐந்து பேர் பங்கிட்டுக்கொள்ளலாம் என்பது அதன் தனிச்சிறப்பு. பத்துவகைக் கறியை ஒருத்தியே சமைத்த நாளில் எங்களுக்கு அந்த வாய்ப்பே தோன்றவில்லை.

அமுதசுரபி சொல்வது

கிண்ணம் என்றதும் தமிழர்க்கு மணிமேகலையின் கையிலிருந்த அமுதசுரபி நினைவுக்கு வராமல் போகாது. ஒருகாலத்தில் ஆபுத்திரன் கையில் இருந்து, கோமுகிப் பொய்கையில் மூழ்கிக் கிடந்து, மணிமேகலையை வந்தடைந்த பாத்திரம் அது. அள்ள அள்ளக் குறையாதது. அதில் முதல் பிச்சை இட்டவள் ஆதிரை. காயசண்டிகையின் தீராப் பசி அந்தப் பாத்திரத்திலிருந்து பெற்ற ஒரு பிடிச் சோற்றால் தீர்ந்தது. இவை காப்பியம் கூறும் செய்திகள்.

இந்தக் கதையை மாணவர்க்குப் பலமுறை கற்பித்தேன். ஆனாலும் இப்போதுதான் ஒன்றைக் கவனிக்கிறேன். அமுதசுரபியின் பெருமையைக் காப்பியம் எதைக்கொண்டு அளக்கிறது? சமைத்த நேரத்தைக் கொண்டன்று; தீர்ந்த பசியைக் கொண்டு. அதே வேளையில், தெய்வத் தன்மை வாய்ந்த அந்தப் பாத்திரத்துக்கும் அன்புள்ள ஒரு மனிதக் கை முதலில் இடவேண்டியிருந்தது. உழைப்பின் நீளம் வேண்டியதில்லை. இடுகின்ற கை வேண்டும். என் மகளின் கிண்ணத்துக்கும் என் தாயின் மங்குக்கும் இந்த அளவுகோல் பொருந்துகிறது. நான் வைத்திருந்த அளவுகோல்தான் பொருந்தவில்லை.

நிரப்பத் தெரியாத கிண்ணம்

கிண்ணச் சோற்றில் ஒரு கேடும் உண்டு. அதை மறைத்தால் இக்கட்டுரை நேர்மையாக இராது. கிண்ணம் கையோடு எடுத்துச் செல்லத் தக்கது. தட்டில் பரிமாறும்போது ஒருவர் இட, மற்றவர் பெற, எல்லாரும் ஓரிடத்தில் கூட வேண்டும். கிண்ணத்துக்கு அந்தக் கட்டாயம் இல்லை. சில வாரங்களில் எங்கள் வீட்டில் பேரன் தன் கிண்ணத்தோடு அறைக்குப் போனான். மருமகன் தொலைக்காட்சி முன் அமர்ந்தார். மகள் கைப்பேசியில் அலுவலகச் செய்திகளைப் பார்த்தபடியே உண்டாள். மேசையில் நானும் மனைவியும் மட்டும் இருந்தோம். சமையலில் மிச்சப்பட்ட நேரம் எவர் கைக்கும் வரவில்லை. எங்கோ கசிந்து போயிற்று. எளிமை நமக்கு ஒரு வெற்றுப் பொழுதைத் தருகிறது. அதில் எதை நிரப்புகிறோம் என்பதே அடுத்த அறக்கேள்வி.

மனைவிதான் ஒரு வழி சொன்னாள். "அவரவர் கிண்ணத்தை அவரவரே நிரப்ப வேண்டாம். ஒருவர் கிண்ணத்தை இன்னொருவர் நிரப்பட்டும். மேசைக்கு வந்துதான் கொடுக்க வேண்டும்" என்றாள். பரிமாறுதல் என்ற பழைய வழக்கத்தைப் புதிய கலத்துக்குள் அவள் கொண்டுவந்துவிட்டாள். பேரனுக்கு அது விளையாட்டாகப் பட்டது. யார் யாருக்கு நிரப்புவது என்று அவனே முறை வகுத்தான். முதல் நாள் பாட்டியின் கிண்ணம் என் பங்குக்கு வந்தது.

சோற்றை இட்டேன். கடலையை இட்டேன். அன்று காய் இரண்டு வகை: பாகற்காயும் கத்தரிக்காயும். என் கை நின்றுவிட்டது. அவளுக்கு எது பிடிக்கும்? வல்லாரை நிறைய வேண்டுமா, குறைவாகவா? காரம் எவ்வளவு? சிந்தித்துப் பார்த்தேன். 40 ஆண்டுகள் ஒரே வீட்டில் உண்டிருக்கிறோம். எனக்கு உப்பு எவ்வளவு வேண்டும், எந்த நாளில் எனக்குப் பசி குறையும், மாங்காய் ஊறுகாய் எந்தப் பதத்தில் பிடிக்கும் என்பதெல்லாம் அவளுக்குத் தெரியும். அவளுக்கு எது பிடிக்கும் என்று எனக்குத் தெரியவில்லை. அவள் எப்போதும் கடைசியில் உண்டாள், மீந்ததை உண்டாள். மீந்ததைக் கொண்டு ஒருவரின் விருப்பத்தை எப்படி அறிவது?

வெறுங்கிண்ணத்தின் முன் ஒரு மாணவனைப்போல் நின்றேன். அவள் சிரித்துக்கொண்டே, "பாகற்காய் போடுங்கள். சிறுவயதிலிருந்து எனக்குப் பிடிக்கும். உங்களுக்குக் கசக்கும் என்பதால் நான் சமைப்பதில்லை" என்றாள்.

அன்றிரவு எனக்கு உணவு எளிதில் இறங்கவில்லை. பாகற்காய் நம் ஊர்ச் சந்தையில் எளிதில் கிடைப்பது. ஒரு வெள்ளி, இரண்டு வெள்ளி கொடுத்தால் தீரும் ஆசை. அந்தச் சிறு ஆசை என் நாவுக்காக 40 ஆண்டுகள் காத்திருந்தது. அடுப்பில் நின்ற உழைப்பைப் புகழ்ந்த நான், நின்றவளைப் பார்க்கவே இல்லை.

அவள் கேட்ட கேள்விக்கு இன்று ஒருவாறு விடை சொல்ல முடிகிறது. அடுப்பில் வேகிறது அன்பன்று. உண்பவர் யார், அவர்க்கு எது வேண்டும், அதைச் செய்பவர் களைத்திருக்கிறாரா என்று அறிய முயல்வதே அன்பு. அந்த அறிதல் உள்ள வீட்டில் இருபது நிமிடச் சோறும் விருந்தாகும். அது இல்லாத வீட்டில் பத்துவகைக் கறியும் ஒருவரின் தனிமையைத்தான் பரிமாறும். வேலைநாள் இரவை எளிதாக்கிக்கொள்வது சோம்பலன்று. எல்லார்க்கும் எளிதாகும்படி ஆக்கிக்கொள்வதே அதன் அறம். திருவிழா நாளில் வடை தட்டுவோம், விரும்பித் தட்டுவோம், எல்லாரும் சேர்ந்து தட்டுவோம். மற்ற நாட்களில் ஒரு கிண்ணம் போதும்.

இப்போதெல்லாம் ஞாயிறு இரவு உறங்கப் போகும்முன் கடலையை ஊறப்போடுகிறேன். புதன்கிழமைகளில் பாகற்காயை வட்டமாக அரிந்து, உப்பும் மஞ்சளும் புரட்டி, கருகாமல் வதக்கக் கற்றுக்கொண்டேன். முதல்முறை கருகிவிட்டது. அவள் ஒன்றும் சொல்லாமல் முழுவதையும் உண்டாள். இரண்டாம் முறை சரியாக வந்தது. அப்போதுதான், முதல்முறை கருகியிருந்தது என்று சொன்னாள்.